லூர்துமேரி எந்தப் பக்கம் படித்தாள்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
1938 ஜூன்

என் மகன் சின்னப்பராஜுக்கு, உன் தாயார் சவுரியம்மாள் உங்கள் மூவரையும் மாதாவின் பாதத்தில் வைத்து எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். விழுப்புரத்தில் நீயும் மருமகளும் கைப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் சேதி சொல்கிறேன். உன் அக்காள் மகன் இன்னாசிராஜ் பூசைக்கு உதவி செய்யும்போது, சாமியார் கேட்பதற்கு முன்பே லத்தீனில் பதில் சொல்லிவிடுகிறான். அவன் தங்கை செபஸ்தியம்மாள் ஐந்தாம் வகுப்பில் முதலாவது. நான் படித்து முடித்த அதே ஐந்தாம் வகுப்பு. அவர்கள் தம்பிக்கு நாலு பல்தான், அதற்குள் தெருவில் பாதிப்பேரைக் கடித்துவிட்டான். உன் மகள் லூர்துமேரியைப் பற்றி எழுதத்தான் பேனா ஓடவில்லை.

மருமகள் பிரசவத்துக்காக நீ அவளை இங்கே விட்டுப் போனபோது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் படிக்க வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். வைத்தும்விட்டேன், அதுதான் வினை. விதைக்கடலைக்கு மல்லாட்டை உரிக்கிற காலம், தனியா உட்கார்ந்து பாடம் சொல்ல நேரமேது, எதிரும் புதிருமா குந்திக்கினு உரிப்போம், நடுவுல பாடப்புஸ்தகம். எனக்குக் கண்ணு மங்கலாச்சே, புஸ்தகம் என் பக்கம் பார்த்துதான் கிடக்கும், நான் விரல் வெச்சுக் காட்டுவேன், அவ எதிர்லேருந்து சொல்லுவா. உரிச்சு முடியறதுக்குள்ள புஸ்தகமும் முடிஞ்சுது. மனப்பாடமோன்னு வேற பக்கத்தைக் காட்டினா அதையும் எழுத்துக்கூட்டிப் படிச்சா. மணல்ல எழுதச் சொன்னா, எனக்கு நேரா தெரியற மாதிரியே எழுதுவா. பெரியவங்ககிட்ட என்ன மரியாதைன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கு, சும்மா போகாம பக்கத்து வீட்டு அம்மணியையும் சாட்சிக்கு இழுத்துக்கினு போனேன். ரெண்டாங் கிளாஸ்லயே சேர்த்துக்குங்கன்னு காந்திமதி டீச்சரம்மாகிட்ட சொன்னேன். அவங்க புஸ்தகத்தை இவ கையில குடுத்தாங்க. இவ முழிக்கறா. படிடின்னு அதட்டினேன். புஸ்தகத்தைத் தலைகீழாத் திருப்பினா பாரு, அப்புறம் ஒரு சொல்லு தப்பாம மழையாக் கொட்டினா. டீச்சரம்மா நேராத் திருப்பிக் குடுத்தாங்க, இவ மறுபடியும் கவுத்தா. பிள்ளைங்க பெஞ்சியத் தட்டிக்கினு சிரிக்குதுங்க.

“நல்லாத்தான் படிக்குதுங்கம்மா. ஆனா கரும்பலகைய எப்படிங்க திருப்பறது?” என்றாங்க டீச்சரம்மா.

அம்மணி சும்மா இருப்பாளா, “வௌவாலுக்கு வாத்தியாரம்மாவா போயேன்க்கா” என்றா.

குழந்தை தேம்பித் தேம்பி அழுதுச்சு. அன்னிலேருந்து புஸ்தகத்தைத் தொடறதில்ல. இப்ப பக்கத்துல வந்து குந்துடின்னு கூப்பிட்டா எழுந்து போயிடறா. கிளாஸ்லயும் வாய் தொறக்கறதில்லையாம். என் கண்ணுக்கு எது வசதின்னு பார்த்தேனே, அவ கண்ணு எங்கேருந்து பார்க்குதுன்னு பார்க்கலியே, சின்னப்பா. பெருமையா இருந்துச்சு, அதான் தெரியல. அவ்வளவு ஆசையாப் படிச்ச குழந்தைய நானே வெறுக்க வெச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ரயிலேறி வந்து அவளைக் கூட்டிக்கினு போயிடு. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துல சேர்த்துடு. நான் இதுக்கு லாயக்கில்ல.

மாதா உங்களை விட்டு அகலாதிருக்கட்டும். கைப்பிள்ளை நெற்றியில் எனக்குப் பதிலாக ஒரு சிலுவை போடு.

இப்படிக்கு,
உன் தாயார்
சவுரியம்மாள்

பின்குறிப்பு: வராதே. நான் எழுதும்போது இவ எதிர்ல குந்தி மல்லாட்டை தின்னுக்கினு இருந்தா. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தா, காகிதத்துல விரலை வெச்சு, “ஆயா, நான் ஒண்ணும் தேம்பல. மூக்குதான் ஒழுவுச்சு. அதை அடிச்சிடு” என்கிறா. தபால்காரருக்கே புரியாத என் எழுத்து முழுக்கப் படிச்சிருக்கா. நான் காகிதத்தை அவ பக்கம் கொஞ்சம் திருப்பினேன், படிச்சா. இன்னுங் கொஞ்சம் திருப்பினேன். இப்ப அவளுக்கு நேரா இருக்கு, திக்கித் திக்கிப் படிக்கறா, எழுந்து போகல. அவளை நான் அனுப்ப மாட்டேன். அதுக்குப் பதிலா கைப்பிள்ளையோட நீங்க மூணு பேரும் புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்பு. பின்னாடி பேரெல்லாம் பெரிசா எழுதி அனுப்பு, இவ படிக்கணும்.