அம்பு பாய்க்கு இடது றெக்கை மட்டும் போதும்

ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்காராத மனிதர் யார் என்று தென்னாற்காடு ஜில்லா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினால் ஒரே ஒருவர்தான் அகப்படுவார். அவரும் அகப்பட மாட்டார். நீங்கள் போய்ச் சேருவதற்குள் வேறு இடத்துக்குப் போயிருப்பார். அவர்தான் அம்பு பாய்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் நான் ஓர் ஆபீசில் குமாஸ்தா. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை. வாடகையில் எனக்குப் பாதி, பாய்க்குப் பாதி. இடத்தில் அப்படியில்லை. அறையின் நான்கு மூலையிலும் ஒரே சமயத்தில் இருக்கக்கூடியவர் அவர்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் அவருக்கு வேலை. வீல் பெண்டு எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, சுற்றும் ரிம்மைப் பார்த்தாரென்றால் நூலளவு கோணலும் தப்பாது. ஆனால் வீலை மாட்டிய கையோடு செயினையும் மாட்ட வேண்டுமே, அதற்குள் அடுத்த சைக்கிளுக்குத் தாவியிருப்பார். ஒரு வாத்தியார் வந்து, “என்னா பாய், ரெடியா?” என்றார். “எப்பவோ ரெடி சார், எடுத்துட்டுப் போங்க!” வாத்தியார் ஏறி மிதித்தார். கால் மட்டும் சுற்றியது. செயின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

டீ குடித்தால் பாதி டம்ளர். சவரம் செய்துகொண்டால் ஒரு கன்னம். மறு கன்னம் சாயங்காலம். தொழுகை ஒன்றுதான் அவர் ஆரம்பித்து அமைதியாக முடிக்கிற காரியம். மற்றதெல்லாம் அந்தரத்தில் நிற்கும்.

இந்தக் குணம் கடைசியில் அவருடைய கல்யாணத்துக்கே உலை வைத்தது. பாயின் அக்காவைக் கடலூர் முதுநகரில் கொடுத்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரருக்குப் பினாங்கில் வியாபாரம். அந்த மச்சானுக்கு ஒரு தங்கை. பாய்க்கு அந்தப் பெண் மேல் கொள்ளை ஆசை, பெண்ணுக்கும் சம்மதம். மச்சான்தான் மசியவில்லை. லீவில் வந்திருந்தவர் மூஞ்சிக்கு நேரே கேட்டுவிட்டார்:

“டேய் மாப்ளே, நீ ஒரு வேலய ஆரம்பிச்சு முடிச்சத நான் கண்ணால பாத்ததே இல்ல. எந்த நம்பிக்கையில என் தங்கச்சியக் குடுக்கறது?”

பாய் யோசித்துப் பதில் சொல்கிற ஆளா? மச்சானுக்கு முயல் கறி பிடிக்கும் என்பது சட்டென்று ஞாபகம் வந்திருக்கிறது. “அடுத்த லீவுல நீங்க வர்றப்ப, நானே அம்பு செஞ்சு, நானே குடிகாட்டு முந்திரித் தோப்புல முயல் அடிச்சு, ஒங்களுக்குச் சோறு போடுறேன். அப்ப குடுப்பீங்களா?”

“மொதல்ல அம்ப முடிடா. மிச்சத்தப் பொறவு பேசலாம்.”

இதை அவர் அறையில் நடந்துகொண்டே என்னிடம் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. “ஏன் பாய், வலை கட்டினா முடிஞ்சுபோச்சே. எதுக்கு அம்பு?”

“வலை கட்டினா முயல் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும் சார்!”

அம்புக்கும் ஒரு முறை உண்டு என்று விளக்கினார். “பிஸ்மில்லா சொல்லித்தான் விடணும். அம்போட முனை குத்தி உள்ள போவணும். குச்சி குறுக்கால அடிச்சு அந்த அடியில முயல் செத்துப்போச்சுன்னா எங்களுக்கு அது ஆவாது, ஹராம். அதனால அம்பு நேரா போவணும். அதான் விஷயமே.”

மச்சான் திரும்பி வர எட்டு மாதம் இருந்தது. பாய் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளுக்குப் போய், சுண்டுவிரல் பருமனில் நேர்க் குச்சிகளாகப் பொறுக்கி ஒரு கட்டு கொண்டுவந்தார். அவை நிழலில் ஒரு மாதமாவது காய வேண்டும். பாய்க்கா ஒரு மாதம் பொறுக்கும்? மூன்றாம் நாளே கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே மெஸ்ஸுக்குப் போய், அடுப்புச் சூட்டில் காயட்டும் என்று வைத்துவிட்டு வந்தார். மத்தியானம் போய்ப் பார்த்தால் கட்டைக் காணோம். சாம்பார் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

“யோவ், என் அம்பு எங்கய்யா?” என்று பாய் குதித்தார்.

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “அடுப்பாண்ட வெச்சா வெறகுன்னுதான் எரிப்பேன். அதுல அம்புன்னு எழுதி ஒட்டியிருந்துதா?”

இரண்டாவது கட்டு அறையிலேயே காய்ந்தது. நானும் அதோடு காய்ந்தேன். பட்டையை உரித்து, தணலில் வாட்டி, முழங்காலில் வைத்து அழுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கோணல் எடுப்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். என் சட்டை, புத்தகம், சோறு எல்லாவற்றிலும் சவுக்குத் தூள். முனைக்கு ஆணியை ராவிச் செருகினார். இறகு ஒட்ட வஜ்ஜிரம் காய்ச்ச வேண்டுமாம். தச்சர்கள் மரம் ஒட்டுகிற பசை. அதை நான் காபி போடுகிற பாத்திரத்தில் காய்ச்சினார். அந்த நாற்றம் ஆபீஸ் வரைக்கும் என்னோடு வந்தது. ஹெட்கிளார்க் என் மேஜையை வராந்தாவில் போடச் சொல்லிவிட்டார்.

கோபத்தில் அன்றைக்கே அறையைக் காலி செய்வதாக இருந்தேன். “மன்னிச்சுக்கங்க சார். அந்தப் பொண்ணு, சீக்கிரம் முடிக்கச் சொல்லு, வேற எடம் பாத்துடப் போறாங்கன்னு அக்காகிட்ட சொல்லி அனுப்பியிருக்குது” என்றார். இதைக் கேட்ட பிறகு எந்த மனுஷன் காலி செய்வான்? வேறு பாத்திரம் வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது இறகு. அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் பறவையின் ஒரே பக்கத்து றெக்கையிலிருந்து வர வேண்டும். இடது றெக்கை இறகு ஒரு பக்கம் வளைந்திருக்கும், வலது றெக்கை இறகு மறுபக்கம். கலந்து ஒட்டினால் அம்பு நேராகப் போகாது. பாய் இடது என்று முடிவு செய்திருந்தார். மஞ்சக்குப்பத்தில் ரிட்டையரான டீச்சரம்மா ஒருவர் வான்கோழி வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாய் ரயிலேறிப் போவார், கெஞ்சிக் கூத்தாடி இடது பக்கத்தில் ஓர் இறகோ இரண்டோ பிடுங்கிக்கொண்டு வருவார். மூன்றாவது வாரத்திலிருந்து பாயின் செருப்புச் சத்தம் கேட்டாலே வான்கோழி கொல்லைச் சுவரில் ஏறி நின்றுகொண்டது. ஒருமுறை நானும் போயிருந்தேன்.

“பாய், வலப்பக்கமும் ரெண்டு எடுத்துக்குங்களேன்” என்றார் டீச்சரம்மா. “பாக்க சகிக்கல.”

“வேணாம்மா. கலந்து ஒட்டுனா அம்பு தடுமாறும்.”

“இப்ப என் கோழி தடுமாறுதே!”

ஒத்திகை எங்கள் மாடியில். மூங்கில் வில். வைக்கோல் அடைத்த சாக்குதான் குறி. சாக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அம்பு பாய்ந்தது. என் தலையணை, வீட்டுக்காரர் கொடியில் போட்டிருந்த வேட்டி, பக்கத்து வீட்டுப் பூசணிக்காய். முனை உடைந்தது பாதி, தொலைந்தது பாதி. மச்சான் வந்து இறங்கிவிட்டார், வெள்ளிக்கிழமை காலை வேட்டை என்று தகவல் வந்தபோது கையில் மிஞ்சியது ஒரே அம்பு. அதிலும் ஓர் இறகு பாக்கி. அன்று புதன்கிழமை. சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தால் அம்பு முழுசாக இருந்தது. “இறகு ஏது பாய்?” என்றேன். “கெடைச்சுது சார்” என்று என் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, கடலூருக்குப் பக்கத்தில் குடிகாட்டு முந்திரித் தோப்பு. பாய், மச்சான், நான், பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லைக்காரர். தன் கொல்லையை முயல் நாசம் செய்கிறதென்று அவரே வழி காட்ட வந்திருந்தார். பாய் புதரோரம் நின்று நெளிந்தார், எட்டிப் பார்த்தார், காலை மாற்றினார். “அசையாதடா!” என்று மச்சான் பல்லைக் கடித்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் அதிர்ஷ்டம், ஒரு முயல் வெளியே வந்து காதைத் தூக்கியது. பாய் நாணை இழுத்தார். “பிஸ்மில்லா!”

முயல் உருண்டு விழுந்தது. கொல்லைக்காரர் துண்டைத் தூக்கிப் போட்டு ஆடினார். “மாப்ளே, முடிச்சிட்டடா!” என்று தூரத்திலிருந்து மச்சான் கத்தினார். பாய் ஓடிப் போய் முயலை எடுத்தார். மூச்சில்லை. ஒருமுறை புரட்டினார், இன்னொரு முறை புரட்டினார். அப்படியே நின்றுவிட்டார். நான் நெருங்கிப் பார்த்தேன். முயல் உடம்பில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

அம்பு அவர் கையில்தான் இருந்தது. மச்சான் இன்னும் இருபதடி தள்ளி வந்துகொண்டிருந்தார். முனையால் ஒரு குத்து குத்தியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நானாக இருந்தால் குத்தியிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

“இது ஆவாது மச்சான்” என்றார் பாய். “அம்பு குறுக்கால பட்டுடுச்சு. வேட்டையத் தள்ளிப்போடச் சொல்லி, ஞாயித்துக்கெழம போயி இடது இறகு வாங்கிட்டு வரப் பொறுமையில்ல. தப்புன்னு தெரிஞ்சே, கையில கெடைச்ச வலது றெக்கை இறக ஒட்டிட்டேன்.”

கொல்லைக்காரர்தான் மெள்ள வாயைத் திறந்தார். “பாய், ஒங்களுக்கு ஆவாதுன்னா... நாங்க எடுத்துக்கலாங்களா?”

பாய் முயலை அவரிடம் கொடுத்துவிட்டார். எட்டு மாத உழைப்பு, கல்யாணம், எல்லாம் கைமாறிப் போயின.

“முனை பட்டுச்சான்னு நான் கேக்கவே இல்லியேடா” என்றார் மச்சான்.

“நீங்க கேக்கலன்னா? ஒங்க தட்டுல எப்பிடி மச்சான் போடுவேன்?”

மச்சான் அவர் தோளில் கையைப் போட்டார். “வூட்டுக்கு வா. ஒக்காந்து தேதி பேசுவோம்.”

“ஒக்காரணுமா மச்சான்?”

“நின்னுக்கிட்டே பேசலாம் வாடா!”

அடுத்த மாதமே கல்யாணம். பாய் அறையைக் காலி செய்துகொண்டு கடலூருக்குப் போனார். போகும்போது பாதி சாமானை மறந்துவிட்டுப் போனார், திரும்பி வந்து மீதியில் பாதியை எடுத்துப் போனார். அப்பாடா, இனி நிம்மதி என்று கதவைச் சாத்திக்கொண்டேன். முழு அறையும் எனக்கே. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருந்தது. பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நானும் வேறு அறை பார்த்துக்கொண்டேன். அந்த மனுஷன் இல்லாமல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை.