பிற்பகலில் அடித்த பெரட்டு மணி

புத்தகத்தில் ஒரு நல்ல விஷயத்தைப் படித்தவன் அதை உடனே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினால், அந்த நாலு பேரும் ஓடி ஒளிந்துகொள்வது நல்லது. நான் மலாயாவில், ராசா என்ற ஊரில் பள்ளிப் படிப்பை முடித்து, சுவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்ன கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டை போட்ட அவசரகாலம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் துப்பாக்கியோடு காவல்காரர்கள்.

காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வேலை வாங்கும் மண்டோர் மாரிமுத்து வீசும் வசவுகளை அகராதியில் தேடிப் பார்த்தேன். (பாதி கிடைக்கவில்லை.) எதிர்த்துப் பேசினால் காட்டோர நிரைக்கு, கடைசி மர வரிசைக்கு, அனுப்பிவிடுவார். அங்கே குண்டு எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை வாய் திறந்த லெட்சுமியக்கா, கைக்குழந்தைக்காரி, மாதக்கணக்கில் அங்கேதான் பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரத் தொரையை நச்சரித்து, வேலையிடத்தில் மரியாதையாகப் பேசுவதற்குப் பயிற்சி வகுப்பு நடத்த அனுமதி வாங்கினேன். என் மகத்தான திட்டம் இதுதான்: மண்டோர் வெட்டுக்காரராக நடிப்பார், லெட்சுமியக்கா மண்டோராக நடிப்பார். தத்ரூபமாக இருக்கட்டுமே என்று ஞாயிறு பிற்பகல் பெரட்டு மணியை நானே ஓங்கி அடித்தேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். (என் திறமையை வியக்கிறார்களாம்.)

"கிராணியாரே, இந்த மணிய இப்ப..." என்று மண்டோர் ஆரம்பித்தார்.

"நீங்க இப்ப வெட்டுக்காரர். பேசக்கூடாது" என்று அவர் வாயை அடைத்தேன்.

லெட்சுமியக்கா இடுப்பில் கைவைத்தார். "டேய் மாரி, எருமை மாடே, இதான் வர்ற நேரமா? போடா காட்டோர நிரைக்கு."

"நான் போமாட்டேன்லா." மண்டோருக்கு நடிப்பு மறந்துவிட்டது. "அங்க உசுருக்கு உத்தரவாதமில்ல. புள்ளகுட்டிக்காரன் நானு."

"நான் மட்டும் கல்லுக்கா பால் குடுக்கிறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, "எல்லாரும் படு" என்று கத்திக்கொண்டு காவல்காரர்கள் ஓடிவந்தார்கள். நேரங்கெட்ட நேரத்தில் அந்த மணி அடித்தால் காட்டிலிருந்து ஆள் இறங்கிவிட்டான் என்று அர்த்தமாம். வகுப்பு மொத்தமும் சேற்றில் குப்புற விழுந்தது. நான் காய்ந்த ரப்பர் பால் நாறும் ஒட்டுப்பால் கூடைக்குள் தலையை விட்டிருந்தேன். (இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வேறு.) பக்கத்தில் மண்டோர் முணுமுணுப்பது கேட்டது.

"அந்த நிரைக்கு இனிமே ஆள் மாத்தி மாத்திப் போடுறேன் லெட்சுமி. மொத வாரம் என் தம்பி."

"எந்திரிச்சப்புறமும் இதையே சொல்லுங்க."

எழுந்த பிறகும் அதையே சொன்னார். தம்பி அங்கே வேலைக்குப் போன அதே வாரத்தில், அந்த நிரைக்குத் துணையாக ஒரு காவல்காரரையும் தொரையிடம் கேட்டு வாங்கிவிட்டார். நான் வாங்கியது வேறு. வகுப்பில் தடைசெய்ய நினைத்த சொற்கள் அத்தனையும் ஆங்கிலத்திலும் உண்டு என்று தொரை வாயால் தெரிந்துகொண்டேன்.

"எங்க புள்ள பாடம் நடத்துனா தோட்டமே கால்ல விழும்" என்று எனக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் அம்மா அளந்துவிட்டார். இன்றுவரை வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் மனைவிக்கு உண்மைக் கதை தெரிந்தது கல்யாணப் பந்தியில்தான். லெட்சுமியக்காதான் சொன்னார். பக்கத்து இலையிலிருந்து மண்டோர் எடுத்துக்கொடுத்தார்:

"என்னைய எருமைன்னு கூப்பிட்டத விட்டுட்டீங்களே, லெட்சுமி."