வட்டம் போட்ட நட்சத்திரம்

வேல சின்னதுதான். ஒரு வாரம், சாயங்காலம் மாடிக்குப் போய் அஞ்சு நட்சத்திரத்தோட வெளிச்சத்தப் பாத்து எழுதணும்.

காட்பாடி காலேஜ் மேடம் ஒருத்தங்க நடத்துற வானம் பாக்குற வாட்ஸ்அப் குரூப்புல நானும் இருக்கேன். "கரெக்டா எழுதுறவங்களுக்கு ஒரு மாசத்துக்கு டெலஸ்கோப் தர்றேன்"னு மேடம் சொன்னாங்க.

நான் உடனே மாதனூர்ல எங்க தெருவுக்கே சொல்லிட்டேன். "ஞாயித்துக்கிழம எல்லாரும் எங்க மாடிக்கு வாங்க, சனி வளையம் காட்டறேன்."

எனக்கு அவ்ளோ தைரியம். ஆம்பூர் ஷூ கம்பெனியில ஷேடு செக்கிங் பண்றவன் நான். தோல் ஒரு பொட்டு கலர் மாறினாலும் தூக்கி அந்தாண்ட போட்டுடுவேன்.

மேடம் ஒரு படமும் வாய்ஸ் நோட்டும் அனுப்புனாங்க. கம்பெனி பஸ் சத்தத்துல வாய்ஸ் நோட் பாதிதான் கேட்டுச்சு. மீதிய நம்மளே பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

படத்துல, திருவோணத்துக்குக் கீழ ஒரு நட்சத்திரத்துக்கு வட்டம். சுத்தி நாலு நட்சத்திரம், வட்டம் இல்லாம.

எங்க கம்பெனியில, ஷூ வாங்குற பையர் ஓகே பண்ண தோல் துண்டுக்குத்தான் வட்டம் போடுவாங்க. அதான் மாஸ்டர் சாம்பிள். மத்ததெல்லாம் அதோட ஒத்துப் போவணும். மாஸ்டர சந்தேகப்பட்டா வேல போயிடும்.

சரி, வட்டம் போட்டவன்தான் மாஸ்டர். மத்த நாலையும் அவனோட வெச்சு செக் பண்ண ஆரம்பிச்சேன்.

மொத நாள் எல்லாம் ஓகே.

அடுத்த நாள் நாலும் கொஞ்சம் கம்மி. கண்ணாடியத் தொடச்சுப் பாத்தேன். அப்பவும் கம்மி.

அதுக்கு அடுத்த நாள் இன்னும் கம்மி. குரூப்புல போட்டேன்: "நாலு நட்சத்திரம் அணையப் போவுது. அவசரம்."

மேடம் பாக்கறதுக்கு முன்னாடி சலீம் பாய் போன் பண்ணாரு. கம்பெனியில என் பக்கத்து டேபிள், அதே குரூப்புலயும் இருக்காரு.

"இன்னா நைனா, உலகம் அழியப் போவுதா? அடுத்த மாசம் பொண்ணு நிக்காஹ்க்கு மண்டபம் புடிச்சு வெச்சிருக்கேன். கேன்சல் பண்ணவா வேணாமா, சொல்லு."

"பொறுங்க பாய், மேடத்தக் கேட்டு சொல்றேன்."

என் பொண்டாட்டி செல்வி துணி மடிச்சிட்டே கேட்டுட்டு இருந்தா.

"நாலுமே ஒரே அளவு கம்மியாச்சா?"

"ஆமா."

"அப்ப நாலு பேரும் பேசி வெச்சிக்கினு தப்பு பண்றாங்க, அந்த ஒருத்தன் மட்டும் யோக்கியனா?"

"அவன் மாஸ்டர், செல்வி."

"யாரு சொன்னது?"

அப்பத்தான் மேடம் போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டேன், புத்தி கெட்டுப் போய்.

"அண்ணா, வட்டம் போட்டதுதான் வெளிச்சம் மாறுற நட்சத்திரம். அது உப்பும், சுருங்கும். ஒரு வாரத்துல வெளிச்சம் ஏறி இறங்கிடும். மத்த நாலும் அப்படியேதான் இருக்கும். அந்த நாலோட ஒப்பிட்டு இத அளக்கணும்."

"இப்ப அது ஏறுதுங்களா மேடம்?"

"ஆமாண்ணா. நீங்க ஒழுங்கா இருக்கற நாலையும் ரிஜெக்ட் பண்ணிட்டீங்க."

செல்வி மடிச்ச துணிய வாயில வெச்சு அமுக்கிக்கினு சிரிச்சா. எனக்கு மானமே போச்சு. அத விட ஞாயித்துக்கிழம கவல ஜாஸ்தி. தெருவே வருமே, இன்னா காட்டறது?

மீதி நாளும் விடாம எழுதி அனுப்பினேன், இந்தத் தடவ ஒழுங்கா. சனிக்கிழம மேடம் திரும்பக் கூப்பிட்டாங்க.

"மொதல்ல எழுதினதயும் தலைகீழா மாத்திப் பாத்தேன்ண்ணா. அச்சு அசல் அந்த நட்சத்திரம் ஏறுற மாதிரியே வந்துச்சு. உங்க கண்ணு சூப்பர்."

"டெலஸ்கோப் மேடம்?"

"தர்றேன். ஆனா அன்னிக்கு போன்ல சிரிச்சாங்களே, அந்த அக்காகிட்டத்தான் தருவேன்."

சலீம் பாய் மண்டபத்த கேன்சல் பண்ணல.

ஞாயித்துக்கிழம தெருவே மாடிக்கு வந்துச்சு. செல்வி ஒவ்வொருத்தருக்கா சனி வளையத்தக் காட்டினா.

நான் கீழ நின்னு, மாடிக்கு ஏற ஏணி ஆடாமப் புடிச்சிக்கினு இருந்தேன்.