நிரந்தரத் தாய்வீட்டுப் பயணக் குழு

உலகத்தில் எத்தனையோ பெரிய முடிவுகள் வெயிலில் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மனிதகுலத்தின் மிகத் தூய்மையான முடிவு மழையில்தான் எடுக்கப்பட்டது. எடுத்தது எங்கள் ஊர். அதற்கான குழுவில் எழுத்தராகப் பணியாற்றும் பேறு எனக்குக் கிடைத்தது. அன்றைக்குச் சதுக்கத்தில் ஊரே தொப்பலாக நனைந்து நிற்க, நான் மட்டும் ஒரு தாழ்வாரத்தின் கீழ் ஒதுங்கியிருந்தேன். ஊரில் மழையில் மை கரைந்துபோகாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் அந்நிய ராஜா ஒருவன் ஊரைத் தரைமட்டமாக்கி, இருந்தவர்களையெல்லாம் தொலைதேசத்துக்கு ஓட்டிக்கொண்டு போனான். பிற்பாடு வேறொரு பேரரசர் மனமிரங்கி எங்களைத் திருப்பி அனுப்பினார். வந்தோம். கோயிலைக் கட்டினோம். மதிலைக் கட்டினோம். இரண்டுக்கும் நடுவே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெண் எடுத்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்டோம். பிள்ளைகள் பிறந்தார்கள். இவையெல்லாம் சந்தோஷமான சம்பவங்கள் என்று அறியாமையால் நினைத்திருந்தோம்.

அப்போதுதான் பேரரசரின் தலைநகரிலிருந்து எங்கள் இனத்து வேத அறிஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். எங்கள் வீடுகளில் வேதம் விலக்கிய வெளியூர் மருமகள்கள் இருப்பதைக் கேள்விப்பட்டதும் மேலங்கியைக் கிழித்துக்கொண்டார். தாடியைப் பிய்த்துக்கொண்டார். சாயங்காலம்வரை கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு படித்தவர் தாடியைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு நாம் முக்கியமானவர்களா என்று ஊரே நெகிழ்ந்துபோயிற்று.

உடனே பொதுக்கூட்டம் கூட்டினார்கள். மழையும் கூடிக்கொண்டது. அந்நிய மனைவிகளையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் ஊரைவிட்டு அனுப்ப வேண்டும் என்றார் அறிஞர். அப்படியே ஆகட்டும் என்று ஜனங்கள் முழங்கினார்கள். எல்லோர் உடம்பும் நடுங்கிற்று. பக்தியில் நடுங்கியவர் யார், குளிரில் நடுங்கியவர் யார் என்று பிரித்துப் பார்ப்பது எழுத்தரின் வேலையல்ல. எண்ணெய் வியாபாரி முன்னால் வந்து கைகூப்பினார்.

"ஐயா சொல்றது ரொம்ப சரி. ஆனா மழை விடற மாதிரி தெரியல. இது ஒரு நாள்ல முடியற வேலையும் இல்ல. ஒரு குழுவைப் போட்டுட்டா நாங்க வீட்டுக்குப் போயிடுவோம்."

போட்டார்கள். போனார்கள். எந்த வீட்டுக்கு? வெளியூர்க்காரி ஒருத்தி துவட்டத் துண்டும், குளிக்க வெந்நீரும் தயாராக வைத்திருந்த வீட்டுக்கு.

கோயிலை ஒட்டிய அறையில் குழு கூடியது. தலைமைக் குரு, அறிஞர், எண்ணெய் வியாபாரி, சுங்கக்காரர், மை சகிதமாக நான். "விரட்டுதல்" என்ற சொல் காதுக்கு இதமாக இல்லை என்பதால் அதை "நிரந்தரத் தாய்வீட்டுப் பயணம்" என்று மாற்றினோம். பிள்ளைகளுக்கு "உடன்செல்வோர்" என்று பெயர். அந்த ஒரு சொல்லுக்காகவே குழு இரண்டு முறை கூடியது என்றால் எங்கள் பொறுப்புணர்ச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. சுங்கக்காரர், தான் எங்கள் பழைய மகாராஜாவின் நேர் வாரிசு என்று பேச்சோடு பேச்சாகப் பெருமைப்பட்டுக்கொண்டார். எண்ணெய் வியாபாரி வெள்ளந்தியாக, "அந்த ராஜாவோட தாத்தாவைப் பெத்தவ வெளியூர்க்காரிதானே?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கணக்கில் மகாராஜாவே "உடன்செல்வோர்" ஆகிவிடுவார். குழு தீவிரமாக யோசித்து ஒரு தீர்மானம் கண்டது: காலமாகிவிட்ட வெளியூர்ப் பெண்கள் மூதாதையராகவும், உயிரோடிருப்பவர்கள் அந்நியராகவும் கருதப்படுவர். இப்படியொரு நுட்பம் வேறெந்த ஊர்ச் சட்டத்திலும் கிடையாது.

முதலில் பிடிபட்டவர்கள் தலைமைக் குருவின் மகன்கள். தலைக்கு ஓர் ஆட்டுக்கடா கொடுத்துப் பரிகாரம் செய்தார்கள். மனைவிகள் தாய்வீட்டுக்குப் போனார்கள், கடாக்கள் பலிபீடத்துக்குப் போயின, மகன்கள் சாப்பிடப் போனார்கள்.

பிறகு கதவுத் தச்சரின் முறை வந்தது. மதில் வாசல்களுக்கெல்லாம் கதவு செய்தவர் அவர்தான். மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்து நின்றார். சின்னவள் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதில் கட்டும்போது அந்தம்மாள் என்ன செய்தாள் என்று குழு கேட்டது. கணவர் கதவு மாட்டும்போது, தாக்க வந்தவர்களுக்கு எதிரே ஈட்டி பிடித்துக் காவல் நின்றதாகச் சொன்னாள்.

"தாக்க வந்தவங்க யாரு?" என்றார் அறிஞர்.

"எங்க ஊர்க்காரங்கதான். எதிர்ல எங்க அண்ணன் நின்னான்."

அறிஞர் தாடியைத் தடவினார். பிய்க்க அதிகம் மிச்சமில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தணிந்த குரலில் சொன்னார். தாய்வீட்டுக்குப் போக அவளுக்கு ஆட்சேபம் உண்டா என்று தலைமைக் குரு கேட்டார்.

"தாய்வீட்ல என்னைக் காட்டிக்கொடுத்தவள்னு சொல்லுவாங்க. இவங்களை உங்க ஊர்ப் பிள்ளைங்கன்னு சொல்லுவாங்க. இங்க அந்த ஊர்ப் பிள்ளைங்கன்னு சொல்றீங்க. நடுவுல ஏதாவது ஊர் இருந்தா சொல்லுங்க, போயிடறோம்."

மதிலுக்கு வெளியே இருப்பது குழுவின் அதிகார வரம்புக்குள் வராது என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். தச்சர் முன்னால் வந்து, ஆம்பிளைகளும் தாய்வீட்டுப் பயணம் போகலாமா என்று கேட்டார். அதற்கு விதியில்லை. விதியில்லாததைத் தடுக்கவும் விதியில்லை. வேறு வழியில்லாமல் அவருக்கு "நீண்ட விடுப்பு" என்று குறித்துக்கொண்டேன்.

பயண நாள் காலையில் பெண்களும் பிள்ளைகளும் மூட்டைகளோடு வாசலுக்கு வந்தபோது கதவு திறக்கவில்லை. மழையில் மரம் உப்பிப்போயிருந்தது. காவலர்கள் தோள் கொடுத்து முட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. கூட்டத்தில் ஒரு குழந்தை, சாமிக்கே இஷ்டமில்லை போல என்றது. குழுவினர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் தலைமைக் குருவே தச்சரிடம் போய், தயவுசெய்து கொஞ்சம் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

தச்சர் மூட்டையை அவிழ்த்து மரம் சீவும் இழைப்புளியை எடுத்தார். அவர் நிதானமாக இழைக்க, பெரியவள் கீழே விழுந்த சுருள்களைப் பொறுக்கித் தங்கையின் தலையில் வைத்து விளையாடினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. நல்ல வேலை என்று தலைமைக் குரு பாராட்டினார். தச்சர் கருவிகளைக் கட்டிக்கொண்டு மனைவி பின்னால் நடந்தார். மற்ற கணவர்கள் மதில்மேல் நின்று கையசைத்தார்கள்.

எங்கள் சாதனையின் அளவு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இதே சாலையில் எங்கள் பாட்டிகளையும் அவர்கள் இடுப்புப் பிள்ளைகளையும் அழ அழ நடக்கவைக்க அந்த அந்நிய ராஜா எவ்வளவு சிரமப்பட்டான்! படை திரட்டினான், முற்றுகை போட்டான், மதிலை இடித்தான், கோயிலைக் கொளுத்தினான். நாங்கள் எதையும் இடிக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. வெளியாள் ஒருவரின் உதவியும் இல்லாமல், எங்கள் கையாலேயே செய்து முடித்தோம்.