செயலாளர் ஜெயித்த குக்கர்

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. நிரப்பியே தீருவேன். இந்த வியாதியால்தான், ஒரு பெரிய கடையை எதிர்த்து எங்கள் அல்சூர்க்காரர்கள் நடத்திய போராட்டத்தை நான் தனி ஆளாகக் கவிழ்க்கப் பார்த்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி என் அக்கா செல்வி மளிகைக் கடை வைத்திருந்தாள். கடைக்கு மேலே வீடு. மாமா வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டதால் அந்தக் கடைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்துக்கொண்டு, அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மர மில் பூட்டிக் கிடந்தது. உப்பு முதல் சோபா வரை எல்லாம் விற்கும் பெரிய கடை ஒன்றை அங்கே கட்ட ஒரு கம்பெனி வந்தது. அது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய மனை. வியாபார மனையாக மாற்றினால்தான் கட்ட முடியும். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று நோட்டீஸ் போட்டார்கள். வார்டு கமிட்டி கூட்டத்தில் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் மேலே அனுப்பலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

"அது மட்டும் வந்துச்சின்னா நம்ம கடை ஒரு வருஷம் தாங்காதுடா" என்றாள் அக்கா. அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து சிறு வியாபாரிகள் பாதுகாப்புக் குழு ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். செயலாளராக நான் செய்த முதல் காரியம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டது. (இரண்டாவது காரியம் அதற்கு ஒரு மை டப்பா வாங்கியது.) இரண்டும் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். சலவைக்குத் துணி போட்டால்கூட ரசீதில் பெயருக்குக் கீழே 'செயலாளர்' என்று எழுதுவேன்.

வார்டு கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நாள் கடையடைப்பு. எவனாவது பாதி ஷட்டரைத் தூக்கி வியாபாரம் பார்த்துவிடுவான் என்று ஒவ்வொரு ஷட்டரிலும் காகிதம் ஒட்டி ஸ்டாம்ப் குத்தினேன். மாலை ஆறு மணிக்கு முன் யாரும் கிழிக்கக் கூடாது. யோசனை, எழுத்து, பசை எல்லாம் என்னுடையது.

அன்று காலை பத்து மணிக்குக் குழுவினர் எங்கள் வீட்டு மாடியில் கூடினார்கள். அக்கா காபி போடப் போனால் டப்பா காலி. மளிகைக் கடைக்காரர் வீட்டில் எதையும் வாங்கி வைக்கும் வழக்கம் கிடையாது. வேண்டும்போது கீழே போய் எடுத்து வருவார்கள். காபித்தூள் ஷட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் என் ஸ்டாம்ப்.

"ஒரு பாக்கெட்டுதானேடா. கிழிச்சிட்டு எடுத்துனு வா" என்றாள் அக்கா.

"விதின்னா விதிதான்க்கா."

(அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மன்னித்துவிடுங்கள்.)

மாமாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. பெருமையாக இருந்தது. பக்கத்து ஏரியாக்காரர்களும் ஆதரவாக மூடியிருந்தார்கள். இன்னும் பெருமையாக இருந்தது. மூன்று ஏரியா தாண்டியதும் பெருமை தீர்ந்து கவலை வந்தது. அப்போது எதிரே விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கடை திறந்திருந்தது. நாங்கள் எதிர்க்கும் அதே கம்பெனியின் இன்னொரு கடை.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே போனேன். "ஹெல்மெட் தெகீரி சார்" என்று செக்யூரிட்டி கன்னடத்தில் சொல்லிக் கழற்ற வைத்தார். காபித்தூளும் சர்க்கரையும் எடுத்தேன். உள்ளே ஏசி சுகமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பில் போட்ட பெண் ஒரு குலுக்கல் கூப்பனை நீட்டினாள். பெயர், முகவரி, தொழில் என்று மூன்று கட்டம். கூடவே ஒரு பேனா.

நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில், 'செயலாளர், சிறு வியாபாரிகள் பாதுகாப்புக் குழு.' அதற்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ஸ்டாம்ப் குத்தினேன்.

வீட்டுக்கு வந்து தூளைச் சத்தமில்லாமல் டப்பாவுக்கு மாற்றினேன். "இன்னிக்கி காபி ஏ ஒன்னும்மா செல்வி" என்று பிளாஸ்டிக் சாமான் கடை நசீர் பாய் இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தார். அந்தத் தெம்பில் பெரிய கடை ஒழிக என்று எல்லோரும் கோஷம் போட்டுப் பழகினார்கள்.

வார்டு கூட்டத்துக்கு எங்கள் வார்டு கவுன்சிலர், அதாவது கார்ப்பரேட்டர், தலைமை. எங்கள் ஆட்சேபணைக் கடிதத்தை நான் உணர்ச்சியோடு வாசித்து முடித்தேன். கைதட்டல். அடுத்து கம்பெனி மேனேஜர் எழுந்தார். டை கட்டிய அமைதியான மனிதர். கையில் கலர் காகிதம் சுற்றிய பெரிய பெட்டி.

"எங்க மேல ஜனங்களுக்குக் கோபம் இல்ல சார்" என்றார். "போன வாரம் கடையடைப்பு அன்னைக்கு எங்க கடையில நடந்த குலுக்கல்ல பிரஷர் குக்கர் ஜெயிச்சவர் இங்கேயேதான் இருக்கார். கூப்பன்ல அவங்க குழு ஸ்டாம்பே இருக்கு."

கூப்பனைத் தூக்கிக் காட்டினார். கடைசி வரிசை வரை தெரிந்தது. ஸ்டாம்பை அவ்வளவு அழுத்தமாகக் குத்தியிருந்தேன்.

நசீர் பாய் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தக் காபி..."

"ஆமா பாய்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. கார்ப்பரேட்டரும் சிரித்தார். எனக்கு அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் கடையை நானே பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து அழுகை முட்டியது.

அக்கா எழுந்தாள். அதுவரை எந்த மேடையிலும் அவள் பேசியதில்லை.

"ஹேளம்மா" என்று கன்னடத்தில் பேசச் சொன்னார் கார்ப்பரேட்டர்.

"இவன் என் தம்பிதான் சார். காபித்தூள் வாங்கத்தான் போனான். ஏன் போனான்? நாங்க மூடிட்டோம், வேற கடை இல்ல. ஒரே ஒரு நாள் மூடினதுக்கே எங்க செக்ரெட்டரியே இவங்ககிட்ட போயி நின்னான். இவங்க வந்து நாங்க மொத்தமா மூடிட்டா, ஏரியா ஜனம் பூரா எங்க சார் போவும்? இவங்க வெச்சதுதானே ரேட்டு? அதத்தான் நாங்க பத்து நாளா சொல்லினு கீறோம். இவன் செஞ்சே காட்டிட்டான்."

சிரிப்பு நின்றது. மேனேஜர் கூப்பனை மடித்துப் பைக்குள் வைத்தார். யாரோ பின்னாலிருந்து கைதட்டினார்கள். மனையை மாற்றக் கூடாது என்ற தீர்மானம் நிறைவேறியது. அது மேலே போய், வருடக் கணக்காக ஃபைல் அலைந்து, கடைசியில் கம்பெனி அலுத்துப்போய் வேறு இடம் பார்த்துக்கொண்டது.

மேனேஜர் பெட்டியோடு கிளம்பியபோது அக்கா வழியை மறித்தாள். "குக்கரை எங்க எடுத்துனு போறீங்க? ஜெயிச்சது ஜெயிச்சதுதான்" என்று வாங்கிக்கொண்டாள். இன்றும் அவள் சமையலறையில் அதுதான் இருக்கிறது. அது விசில் அடித்தால் வீட்டில் யாராவது ஒருவர், "செக்ரெட்டரி கூப்பிடுறார் பாரு" என்பார்கள். என் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

குழுவும் சும்மா விடவில்லை. அடுத்த கூட்டத்திலேயே விதிப் புத்தகத்தில் ஒரு புது விதி சேர்த்தார்கள்: 'கடையடைப்புக்கு முந்தின நாளே நிர்வாகிகள் வீட்டுக்குத் தேவையான காபித்தூளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.' வருடாந்திரக் கூட்டத்தில் இன்றும் அதைச் சத்தமாக வாசிக்கிறார்கள். விதிகளை எழுதிப் பதிவு செய்வது செயலாளரின் வேலை என்பதால் அது என் கையெழுத்தில் இருக்கிறது. பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் காலியாக இருந்ததால் ஸ்டாம்பும் இருக்கிறது.