கிளென் வேவர்லியில் ஒரு கோல் சென்டர்

கோல் சென்டர் பூட்டிக் கிடந்தது.

மகேந்திரராஜா கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார். மேசை இல்லை, கதிரை இல்லை, தொலைபேசி இல்லை. கம்பளத்தின் நடுவே ஒரு வயர் மட்டும் சுருண்டு கிடந்தது. நிறுவனம் இரண்டு கிழமைக்கு முன்பே மணிலாவுக்கு இடம் மாறிவிட்டது என்று கதவில் ஒட்டியிருந்த காகிதம் பணிவோடு அறிவித்தது.

அவருக்குப் பின்னால், வீதியோரத்தில் நின்ற மினிபஸ்ஸில், ஓர் அமைச்சர் காத்திருந்தார்.

ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் தொழில்துறை அமைச்சர். எந்த நாடு என்று சொல்லமாட்டேன், அந்த அம்மா இன்னும் அரசியலில்தான் இருக்கிறார். வெளிநாட்டுக் கம்பெனிகளின் தொலைபேசி வேலைகளையும் காகித வேலைகளையும் வாங்கித் தன் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கு முதலில் ஒரு தேசியக் கொள்கை வேண்டும். அதை எழுதித் தருவதற்குப் போட்டியிட்ட பல கம்பெனிகளில், மகேந்திரராஜா வேலை செய்த சிறிய மெல்பன் ஆலோசனைக் கம்பெனியும் ஒன்று.

ஓடிக்கொண்டிருக்கும் கோல் சென்டர் ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று அமைச்சர் சொல்லியிருந்தார். நியாயமான ஆசைதான். அதை ஒழுங்கு செய்யும் பொறுப்பு மகேந்திரராஜாவிடம் வந்தது. அவர் ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு முறை போன் பண்ணி அனுமதி வாங்கினார். பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பொருளியல் படித்துவிட்டு மெல்பனில் ஆறு வருடம் டாக்சி ஓட்டிய மனிதர் அவர். இந்தக் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடமும் மூன்று மூன்று மாத ஒப்பந்தம். அமைச்சர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு மறுபடியும் டாக்சி. அதை நினைத்தாலே அவருக்கு முழங்கால் வலித்தது.

கைத்தொலைபேசி அடித்தது. முதலாளி வெங்கட்ராமன், சென்னைக்காரர்.

“என்னய்யா, மினிஸ்டரம்மா அசந்து போயிட்டாங்களா?”

“இனித்தான் அசரப் போறா சேர். கோல் சென்டர் மணிலாவுக்குப் போயிட்டுது.”

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்தது.

“இதோ பாருங்க மகேன். இன்னும் ஒரு மணி நேரத்துல அவங்க ஒரு கால் சென்டரைப் பாத்தாகணும். எங்கிருந்து வேணாலும் புடிச்சிட்டு வாங்க. இல்லேன்னா திங்கக்கிழமை ஆபீஸ் பக்கமே வராதீங்க!”

மகேந்திரராஜா பஸ்ஸுக்குள் ஏறி, “சின்ன மாற்றம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அமைச்சரும் சிரித்தார். அமைச்சருக்குப் பின் இருக்கையில் ஜோசப் என்ற உதவியாளர், அவரும் அந்த நாட்டுக்காரர்தான், மெலிந்த மனிதர், மடியில் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் மகேந்திரராஜாவிடம் ‘குட் மார்னிங்’ தவிர ஒன்றும் பேசவில்லை. அமைச்சரின் காதுக்குள் மட்டும் அவ்வப்போது ஏதோ ஓதினார். அமைச்சர்கள் என்றால் காதுக்குள் ஓத ஒருவர் இருக்கத்தானே வேண்டும்.

மெல்பன் தமிழருக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயிலிலும் கடை வரிசையிலும், பக்கத்தில் நிற்பவரைப் பற்றிப் பக்கத்தில் நின்றுகொண்டே தமிழில் கதைப்பார்கள். குரலைக்கூடத் தாழ்த்துவதில்லை. யாருக்கு விளங்கப்போகிறது என்ற தைரியம். அந்தத் தைரியத்தோடுதான் மகேந்திரராஜா பஸ்ஸுக்குள் இருந்தபடியே மனைவி யோகாவைக் கூப்பிட்டார்.

“யோகா, எங்க நிக்கிறீர்?”

“வேற எங்க, தமிழ்ப் பள்ளிக்கூட ஹோலிலதான். ஆண்டு விழா விருந்துக்குச் சனத்துக்கு கோல் எடுத்துக்கொண்டு இருக்கிறம்.”

மகேந்திரராஜாவின் மூளைக்குள் மணி அடித்தது.

அந்த விருந்துக்கு அச்சடித்த அழைப்பு அறுநூறு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் நம்முடைய ஆட்கள் காகிதத்துக்கு மசிய மாட்டார்கள். ‘காட் வந்தது, ஒருத்தரும் வாயால சொல்லேல்லையே’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஆகவே வருடாவருடம் ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு மாமிமார், எங்கள் வாயில் அன்ரிமார், மண்டபத்தில் கூடி, பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கூப்பிட்டு, வாயால் சொல்லி, டிக்கெட்டும் விற்பார்கள்.

“எத்தினை பேர் கோல் எடுக்கினம்?”

“பன்ரண்டு. ஏனப்பா?”

“யோகா, என்ர தெய்வமே, மேசையளை வரிசையா இழுத்துப் போடுங்கோ. நான் அமைச்சரைக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள்தான் இண்டைக்குக் கோல் சென்டர்.”

“உங்களுக்கென்ன விசரே?”

“அவைக்கு ஒண்டும் தெரியாது. சும்மா கதைச்சுக்கொண்டு இருந்தாச் சரி.”

பின்னால் ஜோசப் அமைச்சரின் காதில் ஓதினார். அமைச்சர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டார்.

கிளென் வேவர்லி மண்டபத்தில் மேசைகள் வரிசையாகத்தான் இருந்தன. அதற்கு மேல் கேட்கக்கூடாது. பன்னிரண்டு அன்ரிமாரும் ஒரே நேரத்தில் உச்சக் குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், பட்டியலும் பேனாவுமாகச் சிவனேஸ்வரி அன்ரி. பழைய வங்கி மனேஜர். இப்போதும் அவர் பார்த்தால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

“சமூகத்தை அடிப்படையாகக் கொண்ட தொடர்பு மையம்,” என்று மகேந்திரராஜா அமைச்சருக்கு ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினார். அந்தச் சொற்றொடரை அவர் வாசற்படியில் வைத்துத்தான் கண்டுபிடித்திருந்தார்.

முதல் மேசையில் ஒரு அன்ரி போனுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தார். “போன வருசம் வடை ஆறிப்போச்சு எண்டதுக்கு இந்த வருசமும் வராமல் விடுறதே? இந்த முறை சுடச்சுடத் தருவம், என்ர ராசாத்தி!”

“இங்கே என்ன நடக்கிறது?” என்று அமைச்சர் கேட்டார்.

“வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் பிரிவு.”

இரண்டாவது மேசையில் ஒரு அன்ரி போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார்.

“இவர்?”

“பழைய வாடிக்கையாளர்களைத் தக்கவைக்கும் பிரிவு,” என்றார் மகேந்திரராஜா. அன்ரியின் தோழிக்கு மூன்று பேத்திகளுக்குப் பிறகு பேரன் பிறந்திருந்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அமைச்சர் சிவனேஸ்வரி அன்ரிக்கு முன்னால் போய் நின்றார். “ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் எத்தனை அழைப்பு எடுக்கிறார்?”

மகேந்திரராஜா குறுக்கே பாய்ந்து தமிழில் சொன்னார். “அன்ரி, நாப்பது எண்டு சொல்லுங்கோ.”

“நான் ஏன் பொய் சொல்ல? ஒருத்தியோட சுகம் விசாரிச்சு முடிக்கவே முக்கால் மணித்தியாலம்.” அன்ரியும் தமிழிலேயே சொன்னார்.

“நாற்பது என்கிறார்,” என்று மகேந்திரராஜா மொழிபெயர்த்தார்.

ஜோசப் ஓதினார். அமைச்சர் திடீரென்று இருமி, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

இருமல் நின்றதும் அமைச்சர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நானும் ஓர் அழைப்பு எடுத்துப் பார்க்கிறேன்.”

“மேடம், அதற்குப் பயிற்சி—” என்று மகேந்திரராஜா ஆரம்பிப்பதற்குள், காது கொஞ்சம் மந்தமான ஓர் அன்ரி தன் கைத்தொலைபேசியை அமைச்சரின் கையில் கொடுத்துவிட்டார். அவருடைய போன் எப்போதும் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் இருக்கும். அமைச்சர் பட்டியலின் ஆங்கிலத் தலைப்பைப் பார்த்துவிட்டு, ‘டிக்கெட்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்த அடுத்த பெயரில் விரலை வைத்துச் சத்தமாக வாசித்தார்.

“வி. வெங்கட்ராமன், கிளென் வேவர்லி.”

மகேந்திரராஜா பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“வணக்கம் ஐயா,” என்றார் அமைச்சர், அழகான ஆங்கிலத்தில். “தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறேன். ஆண்டு விழா விருந்துக்கு நீங்கள் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.”

ஸ்பீக்கரில் வெங்கட்ராமனின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் பேசியது தன் மனைவியிடம், தமிழில்.

“அடியே, யாரோ டின்னர் டிக்கெட் விக்கறாங்கடி! நானே இங்க போனையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். அந்த மகேன் மினிஸ்டரம்மாவை எந்தச் சந்துல வச்சு எதைக் காட்டிட்டிருக்கானோ! அந்தம்மா மட்டும் கையெழுத்துப் போடட்டும், நான் திருப்பதிக்கே நடந்து போறேன்!”

ஜோசப் ஓதினார். இந்த முறை நீளமாக ஓதினார்.

“ஆறு டிக்கெட் போடட்டுமா ஐயா?” என்றார் அமைச்சர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

“சரி, சரி, ஆறு போடுங்க. ஆளை விடுங்க!”

மண்டபமே கை தட்டியது. ஒரே அழைப்பில் ஆறு டிக்கெட் அந்த வருடம் யாருமே விற்கவில்லை. அமைச்சர் குழந்தையைப் போல மகிழ்ந்து, பட்டியலில் பெரிதாக ஒரு சரி போட்டார். அடுத்த பெயருக்கும் விரலைக் கொண்டுபோனார். மகேந்திரராஜா பட்டியலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் சிவனேஸ்வரி அன்ரி ஜோசப்பை ஏற இறங்கப் பார்த்தார்.

“மகேன், இந்தப் பிள்ளை காலமை சாப்பிட்டதே?”

“தெரியேல்லை அன்ரி.”

“அமைச்சர்?”

“அதுவும் தெரியேல்லை. அன்ரி, இப்ப சாப்பாடே முக்கியம்?”

“வெளியூரில இருந்து வந்த சனத்தைப் பட்டினி போட்டுக்கொண்டு கூத்துக் காட்டுறீர், வெக்கமா இல்லையே? முகம் வாடிக் கிடக்கு, பாவங்கள். யோகா, குசினியில இடியப்பமும் சொதியும் இருக்கு, எடும் பிள்ளை.” பிறகு குரலைத் தாழ்த்தாமலே சேர்த்துக்கொண்டார். “இஞ்ச பாரும். அந்த மனுசி நல்ல மனுசி. தன்ர நாட்டுப் பிள்ளையளுக்கு வேலை தேடிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கு. அதுக்குப் போய் நீர் பொய்யைக் காட்டிக் கையெழுத்து வாங்கப் போறீரே?”

மகேந்திரராஜா கையிலிருந்த பட்டியலை மேசையில் வைத்தார்.

“அன்ரி, எனக்கும் கூச்சமாத்தான் கிடக்கு. ஆனா இந்த வேலை போனா நான் திரும்பவும் ராக்ஸிதான். ஆறு வருசம் ஓடினனான். படிச்ச படிப்புக்கு இப்பதான் ஒரு கதிரை கிடைச்சது. இந்தக் கொள்கையை நான் உண்மையாவே நல்லா எழுதுவன் அன்ரி. ராத்திரி ராத்திரியா வாசிச்சு வச்சிருக்கிறன். ஒரு கோல் சென்டருக்காக எல்லாம் போகுதே எண்டுதான்…”

அன்ரிமார் பன்னிரண்டு பேரும் போனைக் கீழே வைத்தார்கள். அந்த மண்டபத்தின் வரலாற்றில் அது முதல் தடவை. ஜோசப்கூட ஓதுவதை நிறுத்திவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து அமைச்சரின் காதில் மிக மெதுவாக ஏதோ சொன்னார்.

“சரி அன்ரி,” என்றார் மகேந்திரராஜா. “உள்ளதைச் சொல்லிப்போடுறன். வேலை போனாப் போகட்டும்.”

சொன்னதும் நெஞ்சு லேசானது போல அவருக்கு இருந்தது. அமைச்சரின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். “மேடம், உண்மையில் இந்த இடம்…”

அமைச்சர் கையை உயர்த்தினார். “இடியப்பம் ஆறப்போகிறது.”

“இல்லை மேடம், நான் சொல்ல வந்தது…”

“இதுவரை நான்கு நாடுகளில் கோல் சென்டர் பார்த்துவிட்டேன், மிஸ்டர் மகேந்திரராஜா. எல்லா இடத்திலும் எனக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். இங்கேதான் எனக்கு வேலை கொடுத்தார்கள், சாப்பாடும் கொடுக்கிறார்கள். இன்றைக்கு நான் கேட்டது போதும். ஜோசப், கோப்பு.”

அழைப்புப் பட்டியலுக்கும் தேங்காய்ப்பால் சொதிச் சட்டிக்கும் நடுவே கோப்பு விரிந்தது. அமைச்சர் நிதானமாக வாசித்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். கொள்கையை எழுதும் குழுவின் தலைவர் என்ற வெற்றுக் கோட்டில் மகேந்திரராஜாவின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். பிறகு ஐந்து இடியப்பம் சாப்பிட்டார். ஜோசப் எட்டு. இடியப்பத்தைச் சொதியில் அவர் பிசைந்து உருட்டிய விதத்தைப் பார்த்து அன்ரிமார் பூரித்துப்போனார்கள்.

மகேந்திரராஜா வெங்கட்ராமனைக் கூப்பிட்டார்.

“சேர், கையெழுத்துப் போட்டிட்டா.”

“மகேன்! நீ மனுஷனே இல்லைய்யா, தெய்வம்! திங்கக்கிழமை பர்மனன்ட் லெட்டர் உன் டேபிள்ல இருக்கும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஆனா ஒண்ணு. இப்பத்தான் எவளோ ஒருத்தி எங்கிட்ட ஆறு டிக்கெட் வித்துட்டா. என்னமா பேசறா தெரியுமா! ஆளைக் கண்டுபிடி, நம்ம கம்பெனில சேத்துக்கலாம்.”

வாசலில் மினிபஸ் உறுமிக்கொண்டு நின்றது. அமைச்சர் அன்ரிமார் பன்னிரண்டு பேரையும் தனித்தனியாகக் கட்டிப்பிடித்து விடைபெற்று உள்ளே ஏறினார். சிவனேஸ்வரி அன்ரி மீதி இடியப்பத்தைப் பெட்டியில் போட்டு ஜோசப்பின் கையில் திணித்தார். மகேந்திரராஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த இடத்திலேயே யோகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கலியாணத்துக்குப் பிறகு அவர் பொது இடத்தில் அப்படிச் செய்ததில்லை.

“யோகா, தப்பிச்சன்! நல்ல காலம், அவைக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை.”

பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த ஜோசப், இடியப்பப் பெட்டியை மார்போடு அணைத்தபடி திரும்பினார்.

“எங்கட நாட்டுக்குப் படிப்பிக்க வந்து பக்கத்து வீட்டில இருந்த பருத்தித்துறைக் கணக்கு வாத்தியாரின்ர குசினியில வளர்ந்தனான், அண்ணை,” என்றார். “உங்கட கம்பெனிக் கடிதத்தில உங்கட பேரைக் கண்ட உடனதான், நீங்கள் உங்களுக்குள்ள என்ன கதைக்கிறியள் எண்டு காதுக்குள்ள இங்கிலீசில சொல்லுறதுக்கு அமைச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவ.”