எழுபத்து நான்கு வயது மணப்பெண்

"கம்ப்யூட்டர் தெரிந்தவன்" என்று பெயரெடுத்த பையன் ஒரு குடும்பத்தில் இருந்தால், நல்ல காரியங்களின்போது அவனைச் சினிமாவுக்கு அனுப்பிவிடுவது உத்தமம். எங்கள் வீட்டில் அனுப்பவில்லை. அந்தப் பையன் நான்தான்.

2001-ஆம் வருடம் தை மாதம். எனக்கு இருபத்து நான்கு வயது. 2000 பிறப்பதற்கு முந்தைய இரண்டு வருடங்களாக பெங்களூரில் தடுக்கி விழுந்தால் ஒய்-டூ-கே ஆள் மேல்தான் விழ வேண்டும். விஷயம் இதுதான். பழைய புரோகிராம்களில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்திருந்தார்கள். 1999-க்கு 99. அடுத்த வருடம் பிறந்ததும் அது 00 ஆகிவிடும். கம்ப்யூட்டர் கணக்கில் குளறும். கடலுக்கு அப்பால் இருந்த ஏதோ ஒரு வங்கிக்காக, இரண்டு இலக்கத்தைத் தேடிப்பிடித்து நான்காக மாற்றுவது என் வேலை. 2000 பிறந்தது, வங்கி பிழைத்தது, என் வேலை போயிற்று. உலகம் அழியாமல் இருந்ததற்கு நானும் ஒரு காரணம் என்று மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் காய்கறி விற்றவரிடம்கூடச் சொன்னேன். (அவர் அதற்காகக் கொசுறு கறிவேப்பிலை கூடுதலாகப் போட்டுவிடவில்லை.)

அம்மா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றாலும் விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டு, ஃப்ளாப்பியில் கிடைத்த ஒரு தமிழ் ஜாதக புரோகிராமை வைத்துக்கொண்டு தெருவுக்கே ஜாதகம் கணித்துக்கொடுத்தாள். புரோகிராமைத் திறந்தால் முதலில் திரையில் நட்சத்திரப் புள்ளிகளால் ஒரு பிள்ளையார் உருவாவார். தும்பிக்கை முடிய ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் அம்மா கண்ணை மூடிக் கும்பிடுவாள்.

அந்த மெஷினில் உள்ளே இருந்த பேட்டரி செத்து வருடக்கணக்காகியிருந்தது. தினமும் காலையில் 1980 ஜனவரி ஒன்றாம் தேதி என்று நினைத்துக்கொண்டுதான் கண்விழிக்கும். அம்மா உட்கார்ந்து அன்றைய தேதியை அடித்து அதைத் தெளியவைப்பாள். 2000 பிறந்ததும் திரையின் ஓரத்தில் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "வருஷம் 99 என்றே போடவும். மீதியைப் பென்சிலால் கூட்டவும்." அதன்படி மெஷின் 24 வயது என்று அச்சடித்தால், அம்மா அதை அடித்துவிட்டு மேலே 25 என்று பென்சிலால் எழுதிக்கொடுப்பாள்.

எனக்கு மானம் போயிற்று. உலகத்தின் தேதிகளையெல்லாம் சரிசெய்தவன் வீட்டில், கம்ப்யூட்டர் காகிதத்தின் மேல் பென்சில்.

மார்கழிக் கடைசியில் அந்த மெஷின் லேசாகப் புகைவிட்டு அடங்கியது. எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், சேமிப்பில் இருந்ததைத் துடைத்துப் புது கம்ப்யூட்டர் வாங்கிவந்தேன். அதில் ஜன்னலும் வண்ணமுமாக அந்த வருடத்துப் புது சிஸ்டம் போட்டுக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அம்மாவின் புரோகிராம் அதில் ஓடவில்லை; திறந்தவுடன் மூடிக்கொண்டது. புத்தியுள்ளவன் புது ஜாதக புரோகிராம் வாங்குவான். நான் நிபுணனாயிற்றே. திரும்பக் கடைக்குப் போய், புது சிஸ்டத்தை அழித்துவிட்டுப் பத்து வருடத்துக்கு முந்தைய டாஸ் சிஸ்டத்தைப் போட்டால் என்ன என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸார், புது மாப்ளைக்கு தாத்தா கோட்டு போட்டு மணையில உக்கார வெப்பாங்களா? பேடா ஸார், வேண்டாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த கையோடு எல்லாவற்றையும் அழித்தேன். மூன்று ஃப்ளாப்பியில் பழைய டாஸ் ஏறியது. புது மெஷினின் வட்டில் பத்தில் ஒரு பங்குதான் அதன் கண்ணுக்குத் தெரிந்தது. மவுஸ் செத்தது. பாட்டு நின்றது. இன்டர்நெட் போயிற்று.

"மெயில் பார்க்க முடியுமாடா?" என்று கேட்டாள் அக்கா.

"இது வேலை செய்யற மெஷின்க்கா. விளையாட்டுச் சாமான் இல்ல."

ஜாதக புரோகிராம் ஓடியது. பிள்ளையார்தான் பளிச்சென்று வந்து, அம்மா கைகூப்புவதற்குள் போய்விட்டார். "சாமி நிக்கவே இல்லையேடா" என்று அம்மா வருத்தப்பட்டாள். புது மெஷின் வேகம் அப்படி என்று பெருமையாகச் சொன்னேன். பழைய திரையிலிருந்து எடுத்து அம்மா புதுத் திரையில் ஒட்டியிருந்த சீட்டையும் பிய்த்துக் கசக்கினேன்.

"அது இருந்துட்டுப் போகட்டுமேடா."

"அம்மா, இதுக்குத் தேதி தானாவே தெரியும். நீ ஒண்ணும் அடிக்க வேண்டாம். உன் பென்சிலுக்கு இனிமே ரிட்டயர்மென்ட்."

அம்மா பென்சிலை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். வங்கிக்காக ஆறு மாதம் சோதனை பார்த்தவன், என் வீட்டு மெஷினில் பிள்ளையார் வருகிறாரா என்பதோடு சோதனையை முடித்துக்கொண்டேன்.

இனி அக்கா கதை. அக்காவும் பிரபாகர் என்பவரும் ஒரே கட்டிடத்தில் வேறு வேறு மாடியில் வேலை பார்த்தார்கள். இரண்டு வருடமாக காபி குடித்துப் பழகியதை மறைத்து, தூரத்து உறவு ஒருவர் கொண்டுவந்த வரன் போல அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். உண்மை தெரிந்தது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும். பிரபாகரின் அப்பா மைசூர்த் தமிழர், அரசாங்கத் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்தியதாகத் தாளில் கண்ணால் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டார். அம்மா ஏற்கெனவே கையால் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள், எல்லாம் பொருந்தியது. கம்ப்யூட்டர் காகிதம் ஒன்றுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னாள்: "உன் கால்ல வேணா விழறேன். இன்னிக்கு அம்மாவே மெஷின்ல உட்காரட்டும். நீ ஒண்ணும் பண்ணாத."

"நான் என்ன பண்ணப் போறேன், ஒரு பட்டனைத் தட்டப் போறேன்" என்றேன்.

பிரபாகர், அவர் அப்பா, அம்மா மூவரும் பதினோரு மணிக்கு வந்தார்கள். உப்புமா, காபி ஆனது. நானே மெஷின் முன் உட்கார்ந்துகொண்டேன். ஒய்-டூ-கே என்றால் என்ன, அதிலிருந்து உலகம் எப்படித் தப்பியது என்று ஒரு சிற்றுரை ஆற்றினேன். யாரும் கேட்கவில்லை. இருவர் பிறந்த விவரத்தையும் அடித்து, பட்டனைத் தட்டினேன். பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று இழுத்துத் தள்ளிய காகிதத்தை நான் படித்துக்கூடப் பார்க்காமல், இரண்டு கையாலும் பெரியவரிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, தணிக்கைக்காரர் பழக்கப்படி, சத்தமாக வரிவரியாகப் படித்தார்.

"ஜாதகி. நடப்பு வயது எழுபத்து நாலு."

அதே குரலில் தொடர்ந்தார்.

"பேரன் பேத்திகளால் மனமகிழ்ச்சி. முழங்கால் வலி தணியும். காசி யாத்திரை யோகம் உண்டு." அடுத்த பத்திக்குப் போனார். "ஜாதகர். நடப்பு வயது எழுபத்து ஒண்ணு. பல் உபாதை நீங்கும்."

பிரபாகர் தன்னை அறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"வயதுப் பொருத்தம் இல்லை. பெண் மூன்று வயது மூத்தவர். விவாகம் செய்யத் தகாது." காகிதத்தை மடியில் வைத்தார். "நோடிப்பா, இங்க பாருங்க, பொண்ணு சின்னவள்னுதானே சொன்னீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெஷினுக்கு 2001 தெரியும். புரோகிராமுக்கு 01 மட்டும்தான் தெரியும். ஒன்றிலிருந்து அக்கா பிறந்த வருடமான எழுபத்தைந்தைக் கழித்து, வந்த எழுபத்து நான்கின் மைனஸைத் தூக்கி எறிந்திருந்தது. முன்னால் பிறந்தவர் சின்னவராகவும், பின்னால் பிறந்தவள் பெரியவளாகவும் ஆகிவிட்டார்கள். எந்தப் பிழையைத் தேடித்தேடி அழித்து வயிறு வளர்த்தேனோ, அதே பிழையைப் புது மெஷின் வாங்கி, வீட்டுக்கு அழைத்துவந்து, உட்காரவைத்திருந்தேன்.

வாயை மூடியிருக்கலாம். "மாமா, இது ஒய்-டூ-கே பிரச்சினை. சின்ன விஷயம். பெரிய பெரிய பேங்குக்கெல்லாம் நான்தான் இதைச் சரி பண்ணேன்" என்றேன்.

"அவங்களுக்கு சரி பண்ணியாச்சு. வீட்டுக்கு யாரு பண்ணுவாங்க?" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

உள்கதவோரம் நின்றிருந்த அக்காவைப் பார்த்தேன். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. முகம் வெளிறிப்போய், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்கு இன்றும் கனவில் வருகிறது. அந்தக் கனவில் மட்டும் நான் சிரிப்பதில்லை.

சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நகரு" என்றாள். நகர்ந்தேன். தேதியை மாற்றும் கட்டளையை அடித்து 99 போட்டாள். பிள்ளையார் மின்னி மறைந்தார். பிரிண்டர் மறுபடி கிறீச்சிட்டது. பெண் 24, பிள்ளை 27, பொருத்தம் உத்தமம். அம்மா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, இரண்டையும் அடித்து 26, 29 என்று எழுதிப் பெரியவரிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே பொண்ணுக்கு மூணு விதமா வயசு எழுதியிருக்கு. நான் எதை நம்பறது?"

முடிந்தது கல்யாணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மெதுவாகத் தொடர்ந்தார்: "தவிர, பென்சில் செல்லாது. அடிச்சு எழுதினா இங்க்ல எழுதணும். பக்கத்துல இனிஷியல் இருக்கணும்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பேனா கொடுங்க" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக்கொடுத்தார். அம்மா பென்சில் எண்களின் மேல் இங்க்கால் எழுதி, ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் இனிஷியல் போட்டு, தேதியும் போட்டாள். வருடத்தை நான்கு இலக்கத்தில் எழுதினாள்.

அவர் அந்த இனிஷியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?"

அம்மா சொன்னாள். அடுத்த அரை மணி நேரம் இருவரும் எந்தெந்த அதிகாரி எப்படியெப்படிக் குறிப்பு எழுதுவார் என்று கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். உலகத்தைக் காப்பாற்றியவன் அவர்களுக்கு இரண்டாவது காபி கொண்டுவந்து கொடுத்தேன். கடைசியில் அவர் அம்மாவின் திருத்தங்களுக்குக் கீழே தன் இனிஷியலையும் போட்டு, "சரிம்மா, இது ஆர்டர்ல இருக்கு" என்றார். அக்கா உள்ளே போய் அழுதாள். நல்ல அழுகைதான் என்று அம்மா சொன்னாள்.

மறுநாளே டாஸை அழித்து, கடைக்காரரிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு புது சிஸ்டம் போட்டுவந்தேன். ஆனால் அந்தத் தாள் இருக்கிறதே, எழுபத்து நாலு வயதுத் தாள், அதை என் அத்திம்பேராகிவிட்ட பிரபாகர் லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "என் மனைவி என்னைவிட மூணு வயசு மூத்தவ, எழுத்துப்பூர்வமா இருக்கு" என்பார். அக்கா முழங்கால் வலி என்று சொன்னால் "அது தணியும்னு போட்டிருக்கே" என்பார்.

எனக்குக் கிடைத்த தண்டனை வேறு. இன்று நான் ஒரு கம்பெனியில் நாற்பது பேருக்கு மேலாளன். குடும்பம் கூடும்போது ஏதாவது ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்ல வாயெடுத்தால், இன்று மழை வராது என்று சொன்னால்கூட, அக்கா மகள் எழுந்துபோய் ஒரு பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள்.

"நீங்க சொன்னா போதாது மாமா. பாட்டிகிட்ட இனிஷியல் வாங்கிட்டு வாங்க."

நான் வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்.